விறகு அறுக்க எந்தச் செயின்சா வாங்குவது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிக்கொள்கிறேன். மானாமதுரைப் பக்கம் நான்கு ஏக்கர் நிலம். அதில் பாதி பல ஆண்டுகளாகச் சீமைக்கருவை மண்டிக் கிடக்கிறது. வரப்போரத்தில் ஏழெட்டு வேம்பும், பட்டுப்போன தென்னை ஐந்தாறும், வேரோடு சாய்ந்து காய்ந்துவிட்ட ஒரு பெரிய புளியும் இருக்கின்றன. வீட்டு அடுப்புக்கும், ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை நெல் அவிக்கவும் விறகு வேண்டும்; மிஞ்சுவதை டன் கணக்கில் விறகுக்கடைக்குப் போடலாம் என்பது உங்கள் எண்ணம். இதற்குச் செயின்சா, அதாவது சங்கிலி ரம்பம், வாங்க நினைக்கிறீர்கள்; இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் 58 சிசி, 22 அங்குல இயந்திரத்தை வாங்குவதா, பெயர் பெற்ற நிறுவனத்தின் 16 அங்குல இயந்திரத்தை வாங்குவதா, அல்லது கரண்டில் ஓடும் இயந்திரமே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் பதில்: பெட்ரோலில் ஓடும், 40 முதல் 46 சிசி வரையுள்ள, 2 கிலோவாட்டை ஒட்டிய திறன் கொண்ட, 16 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) பொருத்திய இயந்திரத்தை வாங்குங்கள். உங்கள் ஊரிலிருந்து ஒரே பேருந்தில் போய்வரக்கூடிய தூரத்தில் செயினும் உதிரிப் பாகமும் பழுது பார்ப்பவரும் கிடைக்கிற நிறுவனம் எதுவோ, அந்த நிறுவனத்தின் இயந்திரமாக அது இருக்கட்டும். அதோடு கூட இரண்டு செயின், அந்தச் செயினுக்குப் பொருந்தும் உருண்டை அரம், ஒரு தலைக்கவசம், தொடையை மறைக்கும் பாதுகாப்பு உறை ஆகியவற்றையும் அன்றைக்கே வாங்குங்கள். இவற்றுக்குப் பணம் போதாவிட்டால், இயந்திரத்தின் அளவில் ஒரு படி இறங்கிக்கொள்ளலாம். இவற்றைக் குறைக்க வேண்டாம். அந்தப் புளியைப் பற்றிக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்; அதை மனத்தில் வைத்து இயந்திரம் தேர்ந்தெடுக்கக் கூடாது.

காரணங்களை மரத்திலிருந்து தொடங்குகிறேன். கடைக்காரர் எத்தனை சிசி வேண்டும் என்றுதான் முதலில் கேட்பார். எந்த மரத்தை எந்த நிலையில் அறுக்கப் போகிறீர்கள் என்று கேட்பவர் குறைவு. சீமைக்கருவை ஒற்றை அடிமரமாக வளர்வது அரிது. தூரிலிருந்தே நாலைந்து போத்துகள் கோணலும் மாணலுமாகக் கிளம்பி, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, பின்னிக்கொண்டு நிற்கும். உங்களுடையதைப் போன்ற நிலத்தில் பெரும்பாலான போத்துகள் 3 முதல் 8 அங்குலக் கனத்துக்குள்தான் இருக்கும். 10 அங்குலத்தைத் தாண்டுவது எண்ணிச் சொல்லும்படியாகவே இருக்கும். வேம்பும் நீங்கள் கிளை கழிக்கப் போகிற அளவில் ஓர் அடிக்கு மேல் போகாது. ஆகவே 22 அங்குல பாரில் முக்கால் பங்கு நேரம் பாதிக்கு மேல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அப்படிச் சும்மா சுற்றும் நுனிதான், நீங்கள் பார்க்காத இன்னொரு போத்தில் போய் முட்டி உங்கள்மேல் எகிறும். அறுக்கும் மரத்தின் கனத்தைவிடப் பார் இரண்டு அங்குலம் நீளமாக இருந்தால் போதும் என்பது பொதுக் கணக்கு. இரண்டு பக்கமும் மாறி மாறி அறுத்தால் 16 அங்குல பாரைக் கொண்டு இரண்டு அடிக் கனமுள்ள கட்டையையும் துண்டாக்கலாம்.

அடுத்தது மரத்தின் ஈரம். பச்சையாக இருக்கும்போது கருவை வெண்ணெய் போல அறுபடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெட்டி ஆறு மாதம் வெயிலில் கிடந்த கருவையோடு ஒப்பிட்டால் அப்படித்தான் தோன்றும். காய்ந்து வைரம் பாய்ந்த கருவையில் பல் படும்போது எழும் ஓசையே வேறு. தை, மாசியில் வெட்டி, அப்போதே அடுப்பளவுக்குத் துண்டு போட்டு, காற்றுப் புகும்படி அடுக்கி வைத்துவிட்டால் சித்திரை வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மரமாகக் காய வைத்துப் பிறகு துண்டு போடுகிறவர் செயினுக்கும் பெட்ரோலுக்கும் இரண்டு மடங்கு செலவழிக்கிறார். இதை ஒழுங்காகச் செய்தால், நீங்கள் நினைப்பதைவிடச் சிறிய இயந்திரமே உங்களுக்குப் போதும்.

மூன்றாவது மண். நம் பகுதியில் செயினைத் தின்பது மரமன்று, மரத்தில் ஒட்டியிருக்கும் மண்தான். கருவையின் தூரில் கரையான் ஏற்றிய மண் பட்டைக்குள் அப்பியிருக்கும். செம்மண் காட்டுப் புழுதி பட்டை வெடிப்புகளில் நிறைந்திருக்கும். செயின் ஓடும் வேகத்தைக் கணக்குப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். 0.325 அங்குல அளவுச் செயின் (அடுத்தடுத்த மூன்று ஆணிகளின் தூரத்தில் பாதிதான் இந்த அளவு), அதை இழுக்கும் 7 பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 116 மில்லிமீட்டர் நகர்கிறது. நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால் விநாடிக்கு 19 மீட்டருக்கு மேல். அதாவது மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கூர்மையான உளி மணலில் உரசுகிறது. தரையில் பார் நுனி ஒரு விநாடி பட்டாலும் அந்தச் செயினின் கூர் போய்விடும். ஆகவே தூரைத் தரையை ஒட்டி அறுக்காமல் ஒரு சாண் விட்டு அறுக்க வேண்டும். அறுக்கும் இடத்தில் அருவாளின் முதுகால் தட்டி மண்ணை உதிர்த்துவிட வேண்டும். ஒரு சாண் விட்டால் கருவை மறுபடி துளிர்க்குமே என்பீர்கள். தரையோடு அறுத்தாலும் துளிர்க்கும். கருவையை ஒழிப்பது தூரைத் தோண்டி எடுக்கும் வேலை. அதற்குச் செயின்சா பயன்படாது.

இந்த மண்ணின் காரணமாகவே செயினின் வகையைக் கேட்டு வாங்கச் சொல்கிறேன். பல்லின் மூலை சதுரமாக, கூர்முனையோடு இருக்கும் செயின் ஒரு வகை. அதை முழு உளி என்பார்கள். சுத்தமான மென்மரத்தில் அதற்கு ஈடில்லை. நம் மரத்திலோ அந்த மூலை அரை மணி நேரத்தில் மழுங்கிவிடும். மூலை சற்றே உருண்டிருக்கும் அரை உளிச் செயின் அறுப்பதில் கொஞ்சம் மெதுவானது. ஆனால் தூசியும் கடினமும் உள்ள மரத்தில் கூர் நெடுநேரம் நிற்கும், அரம் பிடிக்கத் தெரியாதவர் கைக்கும் வசப்படும். ‘செமி சிசல்’ என்று கேட்டால் கடைக்காரருக்குப் புரியும்.

இன்றைய செயினின் பல் அமைப்பே மரத்தைக் குடையும் ஒரு பூச்சியிடமிருந்து வந்தது என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. அமெரிக்காவின் ஓரெகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழிலில் இருந்த ஜோசப் காக்ஸ், 1946 வாக்கில், மரத்தைக் குடையும் வண்டின் புழு தன் இரு தாடைகளால் இடமும் வலமுமாக மாறி மாறிக் கடித்துப் பச்சை மரத்தைத் தின்று முன்னேறுவதைக் கவனித்தார். அதைப் பார்த்து இடப் பல், வலப் பல் என்று மாறி மாறி வரும் செயினை வடிவமைத்தார். அதற்கு முன் இருந்தவை கைரம்பத்தின் பல்லைச் சங்கிலியில் கோத்தது போன்றவை. அவர் தொடங்கிய நிறுவனத்தின் வழிவந்ததே இன்று நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கும் ஓரெகன் செயின்.

இனி எஞ்சினுக்கு வருகிறேன். சிசி என்பது உருளையின் கொள்ளளவு மட்டுமே, திறன் அன்று. ஸ்டில் நிறுவனத்தின் எம்.எஸ். 180 என்ற சிறிய இயந்திரம் 31.8 சிசி, ஹஸ்க்வர்னா நிறுவனத்தின் 120 மார்க் 2 என்பது 38.2 சிசி. இரண்டின் திறனும் ஏறத்தாழ 1.4, 1.5 கிலோவாட் என்ற ஒரே அளவில்தான் இருக்கிறது. எனவே கையேட்டில் கிலோவாட் எவ்வளவு, பாரும் செயினும் இல்லாத எடை எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் பார்க்க வேண்டும். எம்.எஸ். 250 என்பது 45.4 சிசி, 2.3 கிலோவாட், 4.6 கிலோ; ஹஸ்க்வர்னா 445 என்பது 45.7 சிசி, 2.1 கிலோவாட், ஏறத்தாழ 5 கிலோ. உங்கள் வேலைக்கு நான் மனத்தில் வைத்திருப்பது இந்த வகுப்புதான். இந்த இரண்டுதான் வேண்டும் என்பதில்லை. பாரும் செயினும் பெட்ரோலும் ஆயிலும் சேரும்போது எடை இன்னும் ஒன்றரை, இரண்டு கிலோ கூடும் என்பதையும், அதைக் குனிந்தபடி கருவைப் புதருக்குள் பிடித்திருக்க வேண்டும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். தொழில்முறை மரவெட்டிகள் கையாளும் எம்.எஸ். 382 போன்ற 72 சிசி இயந்திரம் வெறும் உடலே 6 கிலோவுக்கு மேல். அதைக் கொண்டு நாள் முழுக்க 5 அங்குலப் போத்தை அறுப்பது கோடாலியால் சுள்ளி பிளப்பது போன்றது.

இணையத்தில் பார்த்த 58 சிசி இயந்திரத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதை முழுக்க ஒதுக்குகிறவன் நான் அல்லன். ஒரே அச்சில் வார்த்தது போன்ற அந்தச் சீன வடிவம் பல பெயர்களில் வருகிறது. அதனாலேயே அதன் கார்புரேட்டர், பிஸ்டன், கிளட்ச் எல்லாம் எந்தச் சிறு நகரத்திலும் மலிவாகக் கிடைக்கின்றன. பழுது பார்க்கத் தெரிந்தவர் கையில் அது சில ஆண்டுகள் உழைக்கும். ஆனால் அதில் ஒட்டியிருக்கும் சிசி அளவை அப்படியே நம்ப வேண்டாம். கையேட்டில் உருளையின் விட்டமும் பிஸ்டனின் ஓட்டமும் போட்டிருந்தால் நீங்களே கணக்குப் போடலாம். விட்டம் 45.2 மில்லிமீட்டர், ஓட்டம் 34 மில்லிமீட்டர் என்றால் 54.6 சிசிதான் வருமே தவிர 58 வராது. அந்தத் திறனுக்கு 22 அங்குல பார் அதிகம். மரத்தில் முழு பாரும் புதைந்தால் எஞ்சின் திணறும், கிளட்ச் சூடேறும். கடையில் வாங்குவதானால் 18 அங்குல பாரை மாற்றித் தரச் சொல்லலாம். என் உண்மையான தயக்கம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது: செயின் பிரேக் ஒவ்வொரு இயந்திரத்திலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை, அதிர்வு கையில் அப்படியே இறங்குகிறது. அதிர்வைச் சிறிய விஷயமாக எண்ணாதீர்கள். ஆண்டுக்கணக்கில் அதிரும் கருவியைப் பிடித்தவர்களுக்கு விரல் மரத்துப்போவதும் வெளுத்துப்போவதும் மருத்துவம் அறிந்த நோய். நல்ல கையேடுகள் இரண்டு கைப்பிடியிலும் அதிர்வு எத்தனை மீட்டர்/விநாடி² என்று தனித்தனியாகக் குறிப்பிடும். 5-க்குக் கீழே இருப்பது நல்லது. அந்த எண்ணையே போடாத கையேடு எதை மறைக்கிறது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

கரண்டில் ஓடும் இயந்திரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக் கொல்லையில் கொண்டுவந்து போட்ட கட்டையைத் துண்டு போட மட்டும் என்றால், 2 கிலோவாட் அளவுள்ள மின் இயந்திரம் விலையிலும் ஓசையிலும் பராமரிப்பிலும் பெட்ரோல் இயந்திரத்தை வென்றுவிடும். ஆனால் அது 9 ஆம்பியர் வரை இழுக்கும். 50 மீட்டர் தூரத்துக்கு மெல்லிய ஒயரை நீட்டினால் மின்னழுத்தம் இறங்கி மோட்டார் சூடாகும், ஆகவே 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியாவது வேண்டும். கருவைக் காட்டுக்குள் அதை இழுத்துக்கொண்டு போக முடியாது. பம்புசெட்டுக்குக் கொடுத்த இலவச மின் இணைப்பிலிருந்து இதற்கு எடுப்பதும் விதிமீறல். பேட்டரி இயந்திரங்கள் நன்றாக வந்துவிட்டன; மெல்லிய கிளை கழிக்க அவற்றைப் போல் வசதியானது இல்லை. ஒரு நாள் வேலைக்கு மூன்று நான்கு பேட்டரி வாங்கும் விலையில்தான் சிக்கல்.

இப்போது நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடத்துக்கு வருகிறேன்: கூர். என்னிடம் இயந்திரம் இழுக்கவில்லை, எஞ்சின் போய்விட்டது என்று கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோருக்கு எஞ்சினில் ஒன்றுமில்லை. செயின் மழுங்கியிருந்தது, அவ்வளவே. கூரான செயின் தானாகவே மரத்துக்குள் இறங்கும். நீங்கள் பிடித்துக்கொண்டால் போதும். அறுபட்டு விழுவது சீவலாக, அரிசியைவிடப் பெரிதாக இருக்கும். மாவு போலப் பொடியாக விழுந்தாலோ, நீங்கள் உடம்பைச் சாய்த்து அழுத்த வேண்டியிருந்தாலோ, புகைவாடை வந்தாலோ உடனே நிறுத்தி அரம் பிடிக்க வேண்டும். மழுங்கிய செயினால் அழுத்தி அறுத்தால் பார் சூடேறித் தேயும், கிளட்ச் எரியும், பெட்ரோல் வீணாகும், முதுகு போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, அழுத்திக்கொண்டிருக்கும் கை மரம் சட்டென்று விட்டுக்கொடுக்கும்போது எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

கருவைக்கு நான் பின்பற்றுவது, ஒரு டேங்க் பெட்ரோல் தீர்ந்ததும் இயந்திரம் ஆறும் நேரத்தில் அரம் பிடித்துவிடுவது. பத்து நிமிட வேலை. 0.325 செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரமும், சிறிய இயந்திரங்களில் வரும் தாழ்ந்த பல் 3/8 செயினுக்கு 4 மில்லிமீட்டர் அரமும் வேண்டும். அளவு மாறினால் பல்லின் வடிவமே கெட்டுவிடும். பல்லின் மேல்தகட்டில் 30 பாகை சாய்வுக் கோடு ஒன்று நிறுவனமே போட்டிருக்கும். காய்ந்த கடின மரமே அதிகம் என்றால் 25 பாகையில் பிடித்தால் கூர் இன்னும் சற்று நிற்கும். அரத்தை உள்ளிருந்து வெளியே தள்ளும்போது மட்டும் அழுத்த வேண்டும், இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும். ஒரு பக்கப் பல்லை எல்லாம் முடித்துவிட்டு மறுபக்கம் போக வேண்டும். எண்ணிக்கை இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அறுப்பு ஒரு பக்கமாக வளைந்து ஓடும். மற்றவற்றைவிடத் தேய்ந்த பல் எதுவோ, அந்த நீளத்துக்கு எல்லாப் பல்லையும் கொண்டுவர வேண்டும்.

பலர் கவனிக்காமல் விடுவது பல்லுக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் சிறு மேடு. பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்பதை அந்த மேடுதான் முடிவு செய்கிறது. பல்லைவிட அது ஏறத்தாழ 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். அரம் பிடிக்கப் பிடிக்கப் பல் தாழ்ந்துகொண்டே வருவதால், நாலைந்து தடவைக்கு ஒருமுறை அந்த மேட்டையும் தட்டை அரத்தால் அளவுக் கட்டை வைத்துத் தேய்க்க வேண்டும். தேய்க்காவிட்டால் எவ்வளவு கூராக்கினாலும் பொடிதான் விழும். அளவின்றித் தேய்த்துவிட்டால் செயின் மரத்தைக் கவ்விக் கையை உதறும். பட்டறையில் சாணைக்கல்லில் பிடித்துத் தரும் செயின் பார்க்கப் பளபளப்பாக இருக்கும். பல் நுனி நீலம் பாய்ந்திருந்தால் பதம் போய்விட்டது என்று பொருள், அதன் கூர் அரை நாள்கூட நிற்காது. ஆகவேதான் எந்தக் கடையில் வாங்குவது என்பதற்கு என் சோதனை ஒன்று உண்டு: அரம் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். எடுத்துக் காட்டத் தெரிந்தவர் கடையில் வாங்குங்கள். ‘அதெல்லாம் பழகிக்குவீங்க சார்’ என்று பெட்டியை ஒட்டி நீட்டுகிறவரிடம் வேண்டாம்.

பெட்ரோல் விஷயத்திலும் இன்று கவனம் தேவை. இவை இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்கள். பெட்ரோலில் கலந்த ஆயில்தான் பிஸ்டனுக்கு உயவு. நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயிலுக்குப் பொதுவாக 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. கையேடு 25-க்கு 1 என்றால் 40 மில்லி. கண்ணளவில் ஊற்றாமல் அளவுக் குப்பியில் ஊற்றுங்கள். மோட்டார் சைக்கிளுக்கும் டிராக்டருக்கும் ஊற்றும் எஞ்சின் ஆயிலை இதில் கலக்கக் கூடாது. இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல். கைக்கருவி எஞ்சின்களின் கையேடுகள் பலவும் 10 விழுக்காட்டையே எல்லையாகச் சொல்கின்றன. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் சவ்வை விறைப்பாக்கும். இதற்கு நம்மால் முடிந்த பரிகாரம், தேவைக்கு மட்டும் கலப்பது, கலந்ததை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதிருப்பது, வேலை முடிந்து எடுத்து வைக்கும்போது டேங்கைக் காலி செய்துவிட்டு எஞ்சினைத் தானாக நிற்கும்வரை ஓட விடுவது. வாங்கும்முன் அந்த மாடல் இந்தப் பெட்ரோலைத் தாங்குமா என்று கையேட்டைப் பிரித்துப் பாருங்கள். விற்பவரின் வாய்மொழி போதாது. 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டை, தஞ்சைப் பகுதித் தென்னைகளைச் சாய்த்தபோது அவசரத்தில் வாங்கிய இயந்திரங்கள் சில என் கைக்குப் பின்னாளில் வந்தன. அவற்றில் பழுதானது எல்லாம் உள்ளேயே விட்டு வைத்த பழைய பெட்ரோலால்தான்.

பாருக்கு ஓடும் ஆயிலைப் பற்றியும் ஒரு சொல். வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலை ஊற்றுவது நம் ஊர் வழக்கம். அதில் இரும்புத் தூள் இருக்கும். ஆயில் பம்பை அடைக்கும், பாரை அரிக்கும். அது மட்டுமன்று, செயின் வேகத்தில் அது மெல்லிய தூறலாக உங்கள் கைமேலும் முகத்திலும் படிகிறது. கழிந்த எஞ்சின் ஆயில் தோலுக்கு நெடுங்காலத்தில் புற்று உண்டாக்கக்கூடியது. செயின் ஆயில் கிடைக்காத நாளில் புதிய எஞ்சின் ஆயிலை ஊற்றுவது எவ்வளவோ மேல். ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள, பார் நுனியை ஒரு வெளிறிய கட்டைக்கு மேலாக ஒரு சாண் உயரத்தில் பிடித்து வேகம் கொடுங்கள். ஆயில் கோடாகத் தெறிக்க வேண்டும்.

பாதுகாப்பைத் தனி அத்தியாயமாக எழுதுவது எனக்குப் பிடிக்காது, ஏனென்றால் இயந்திரத் தேர்வே அதில் அடக்கம். பார் நுனியின் மேல் கால்பகுதி எதிலாவது பட்டால், செயின் அங்கே கடித்துக்கொண்டு முழு பாரையும் மேலும் பின்னுமாக, உங்கள் முகத்தை நோக்கி வீசும். கண் இமைப்பதற்குள் நடந்துவிடும். பலசாலி சின்னவர் என்ற வேறுபாடு இதற்கில்லை. முன்கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் தகடு கையில் பட்டும், எகிறும் வேகத்தின் உந்துதலாலும் செயினை நிறுத்துவதுதான் செயின் பிரேக். 1970-களில் இது வந்த பிறகுதான் இந்த விபத்துகள் குறைந்தன. கடையிலேயே இயந்திரத்தை ஓட்டி, இடது மணிக்கட்டால் அந்தத் தகட்டைத் தள்ளிப் பாருங்கள். செயின் அந்தக் கணமே நிற்க வேண்டும். இழுத்துக்கொண்டு நின்றால் வாங்க வேண்டாம். வேகம் கொடுக்கும் விசையிலிருந்து விரலை எடுத்த நிலையில், மெதுவோட்டத்தில் செயின் நகரக் கூடாது என்பதையும் அப்போதே பாருங்கள். கருவைப் புதரில் நுனி எதில் முட்டும் என்று கண்ணுக்குத் தெரியாது. நீளப் பாரை வேண்டாம் என்று நான் சொன்னதற்கு முதற்காரணம் இதுதான்.

வேட்டி, லுங்கி, தோளில் துண்டு எதுவும் கூடாது. வெட்டுப்படும்போது நார் நாராகப் பிரிந்து ஸ்ப்ராக்கெட்டில் சுற்றிச் செயினை நிறுத்தும் கால்சட்டைகள் உண்டு. நம் வெயிலில் அவற்றை நாள் முழுக்கப் போட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தொடையின் முன்பக்கத்தை மட்டும் மறைத்துப் பின்னால் கட்டிக்கொள்ளும் உறை கிடைக்கிறது. காலை ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை மட்டும் அறுத்தால் அது தாங்கும். காது மூடியும் கம்பி வலை முகமறைப்பும் சேர்ந்த தலைக்கவசம் வேண்டும். இந்த இயந்திரங்களின் ஓசை 100 டெசிபெலைத் தாண்டும். கருவை முள் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கால் அணியும் கனமான அடித்தோல் கொண்டதாக இருக்கட்டும்; டிராக்டர் டயரையே குத்துகிற முள் அது. இரண்டு அங்குலத்துக்குக் கீழான சுள்ளிகளை இயந்திரத்தால் தொடவே தொடாதீர்கள். அவை அறுபடாமல் செயினில் மாட்டிச் சாட்டையாக வீசும், அவற்றுக்கு அருவாள்தான். துண்டு போடும்போது கட்டையைத் தரையில் வைக்காமல், இரண்டு பெருக்கல் குறிகளைப் போலக் கால் கட்டிய தாங்கி ஒன்றைக் கருவைக் கம்பிலேயே செய்து அதன்மேல் வைத்து அறுங்கள். முதுகும் தப்பும், செயினும் தப்பும்.

உங்கள் வேம்புகளை அறுக்கும்முன் வேலியை நினைத்துப் பாருங்கள். வரப்போர மரத்தில் முள்கம்பி கட்டி, அதை மரம் விழுங்கி இருபது ஆண்டு ஆகியிருக்கும். பட்டையில் கறுத்த தழும்போ வீக்கமோ தெரிந்தால் அந்த இடத்தை விட்டு மேலே அறுங்கள். தென்னை வேறு மாதிரி: வெளிவட்டம் இரும்பு, உள்ளே சோறு. அதன் நார் செயினைச் சீக்கிரம் மழுக்கும், ஸ்ப்ராக்கெட் பக்கம் போய் அடைக்கும். விறகாகவும் அது அவ்வளவு மதிப்பில்லை. ஐந்தாறு தென்னையை வீட்டில் அறுப்பதைவிட முழுமரமாகவே விலை பேசுங்கள். கேட்காவிட்டாலும் ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன்: நிலத்தில் பனை இருந்தால் அதில் கை வைக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும்.

கடைசியாக அந்தப் புளி. காய்ந்த புளியின் வைரத்துக்கு நம் ஊரில் நிகரான மரம் குறைவு. கறிக்கடைக்காரர்கள் வெட்டுக்கட்டைக்கு அதைத் தேடி வாங்குவது அதனால்தான். வேரோடு சாய்ந்து கிடப்பதால் அடிமரத்தின் ஒரு பக்கம் அமுங்கியும் மறுபக்கம் இழுபட்டும் இருக்கும். தெரியாமல் மேலிருந்து அறுத்தால் பாரைக் கவ்விக்கொள்ளும். வேர்க்கட்டியிலிருந்து பிரியும் நேரத்தில் அந்தக் கட்டி திரும்பிப் பள்ளத்தில் விழக்கூடும், அதன் கீழே ஆள் நிற்கக் கூடாது. இந்த ஒரு மரத்துக்காக 70 சிசி இயந்திரம் வாங்குவது வீண். பெரிய இயந்திரம் வைத்துக் கூலிக்கு அறுப்பவரை ஒருநாள் அழைத்து, அடிமரத்தை ஒன்றரை அடி வில்லைகளாக மட்டும் போடச் சொல்லுங்கள். நல்ல வட்டமான வில்லைகளை வெட்டுக்கட்டைக்குத் தனியாக எடுத்து நிழலில் வையுங்கள். விறகு விலையைவிட அதிகம் கிடைக்கும். கிளைகளை உங்கள் 16 அங்குல இயந்திரமே பார்த்துக்கொள்ளும், கவைகளும் முடிச்சுகளும் இருக்கும் துண்டுகளை இரும்பு ஆப்பு இறக்கிச் சம்மட்டியால் பிளந்துகொள்ளலாம்.